ஒரே கதவெண்ணுக்கு இரண்டு மனு

கரணம் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். முழுப் பட்டம் குட்டிக்கரணம். பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, சினிமாவில் முப்பத்தைந்து வருஷம் விழுந்து புரண்டு சம்பாதித்த பெயர். கதாநாயகன் மாடியிலிருந்து குதிக்க வேண்டுமென்றால் கதாநாயகன் நிழலில் உட்கார்ந்து ஜூஸ் குடிப்பார், கரணம் குதிப்பார். வில்லனின் ஆள் உதை வாங்கிக் கண்ணாடிக் கதவோடு வெளியே வந்து விழ வேண்டுமென்றால் அதுவும் கரணம்தான். ஒரு படத்தில் உதைத்த காலும் அவருடையது, உதை வாங்கிய வயிறும் அவருடையது. கரணம் தப்பினால் மரணம் என்பார்கள். அவருக்குத் தப்பவேயில்லை. ஒரு விரல், இரண்டு விலா எலும்பு, ஒரு முன்பல், சேதாரம் அவ்வளவுதான்.

இன்றைக்கு விழுந்தவன் நாளைக்கு எழுந்திருப்பானா என்று தெரியாத தொழிலில் இருப்பவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? ஒருவரும் கொடுக்கவில்லை. அவரும் அதற்காகக் கன்னத்தில் கை வைத்து உட்காரவில்லை. எழுபத்தொரு வயதுவரை ஒண்டிக்கட்டையாகவே ஓட்டிவிட்டார். அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலையில், ஒரு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது அவருடைய தலையெழுத்து மாறியது.

அது ஓய்வூதியக்காரர்களின் வரிசை. வருஷத்துக்கு ஒருமுறை நேரில் போய், 'நான் இன்னும் சாகவில்லை' என்று காட்டிக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷம் பணம் வரும். அவருக்கு முன்னால் நின்ற அம்மாவைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா பார்த்தார், அட்டையிலிருந்த படத்தைப் பார்த்தார், மறுபடி அந்த அம்மாவைப் பார்த்தார். படத்தில் இருப்பது நீங்கள்தானா என்று இழுத்தார்.

"மூக்கைப் பாருங்க," என்றார் அந்த அம்மா. "மத்ததெல்லாம் மாறிப்போச்சு. மூக்கு அதேதான்."

கரணம் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மூக்குக்காகச் சிரித்தாரா, குரலுக்காகச் சிரித்தாரா என்று அவருக்கே தெரியாது. குரல் அப்படி. நாற்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரையே ஊரோடு பேசவைத்த குரல். தெருவில் அந்த அம்மாவுக்குப் பெயரே டெலிபோனம்மா. புருஷன் போய்ப் பன்னிரண்டு வருஷம், மருந்துக்கடை நடத்தும் ஒரே மகள், சொந்தமாக ஒரு மாடிவீடு. இந்த விவரமெல்லாம் வரிசை நகர்வதற்குள்ளேயே கரணத்துக்குக் கிடைத்துவிட்டது. நான்கு மாதத்தில் பதிவு அலுவலகத்தில் கல்யாணம்.

மகள் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, பேனாவை மூடிக்கொண்டே இருவரையும் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள்.

"இதுல யார் யாரைப் பார்த்துக்கப் போறீங்க?"

இருவரும் சிரித்து மழுப்பிவிட்டார்கள். ஆனால் அந்தக் கேள்வி மீன்முள் மாதிரி இருவர் தொண்டையிலும் நின்றுவிட்டது. எழுபது வயதுக்கு மேல் கல்யாணம் செய்துகொண்ட மனிதர் எதை வேண்டுமானாலும் ஒப்புக்கொள்வார், தன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

கரணம் தன் துணிப்பையையும் ஒரு ஜோடி கர்லாக்கட்டையையும் எடுத்துக்கொண்டு டெலிபோனம்மாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நல்ல வீடுதான். ஆனால் இருபது வயதுக்காரர்களுக்காகக் கட்டியது. வாசலில் மூன்று படி, மூன்றும் மூன்று உயரம். கூடத்தில் பளபளவென்று டைல்ஸ், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், பனிக்கட்டி. குளியலறை ஒரு படி பள்ளத்தில். மாடிப்படிக்கு ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெறும் காற்று. படுக்கையறையோ மாடியில்.

வந்த மூன்றாம் நாளே கரணம் விழுந்தார். டெலிபோனம்மா டீத்தம்ளரோடு வந்துகொண்டிருந்தார், இவர் எதிரே போனார், கால் வழுக்கியது. முப்பத்தைந்து வருஷத்துப் பழக்கம் உடம்பைக் கைவிடவில்லை. தோளில் உருண்டு, முதுகைச் சுருட்டி, ஒரு முழங்காலில் எழுந்து, இல்லாத பூவை நீட்டுவது போலக் கையை நீட்டினார். டெலிபோனம்மா தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். வீட்டுக்கு ஒரு சர்க்கஸே வந்திருக்கிறது என்றார்.

அதற்கப்புறம் எப்படி உண்மையைச் சொல்வது? தடுக்கினால் உருண்டார், வழுக்கினால் பூ நீட்டினார். பதினொரு தடவை. விழும் வித்தை அவருக்குத் தெரியும். எப்போது விழுவது என்பதைத்தான் இப்போதெல்லாம் தரை முடிவு செய்தது. ஒருநாள் டெலிபோனம்மா கடைக்குப் போயிருந்த நேரத்தில் குளியலறையில் விழுந்தார். கைதட்ட ஆள் இல்லாததால் உருளவும் தோன்றவில்லை. தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டு கால்மணி நேரம் அப்படியே கிடந்தார். எழுந்ததும் இடுப்பில் தைலத்தைத் தேய்த்து, வாசனை போக ஊதுபத்தி ஏற்றி, ஒன்றும் தெரியாத பிள்ளை போல உட்கார்ந்துகொண்டார்.

ஆனாலும் மனிதர் சந்தோஷத்தில் மிதந்தார். அதற்குக் காரணம் ஒரு கை. டெலிபோனம்மாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. படி ஏறும்போதும், கட்டிலிலிருந்து எழும்போதும், சில சமயம் நடுக்கூடத்தில் சும்மா நிற்கும்போதும் கூட, திடீரென்று கரணத்தின் முழங்கையை இறுகப் பிடித்துக்கொள்வார். கண்ணை மூடி, தலையை அவர் தோளில் சாய்ப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். முதல்தடவை இது நடந்தபோது கரணத்துக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை ஜிவ்வென்றது. எழுபத்தொரு வருஷம் காத்திருந்ததற்கு வட்டியும் முதலும் சேர்ந்து வந்ததாக நினைத்துக்கொண்டார். முடிவெட்டுகிறவரிடம்கூடச் சொல்லிவிட்டார். இந்த வயதில் ஒரு பெண்பிள்ளை இப்படிப் பிரியமாக இருப்பாளா என்று கேட்டார். முடிவெட்டுகிறவர், சார், தலையை ஆட்டாதீர்கள், காது போய்விடும் என்றார்.

இப்படி எட்டு மாதம் போனது. ஒருநாள் மகள் ஒரு ஃபாரத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். நகராட்சி ஒரு திட்டம் போட்டிருந்தது. அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் வீட்டில் விழுந்து எலும்பை முறித்துக்கொள்ளாமலிருக்க, கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, படிக்கு விளக்கு எல்லாவற்றுக்கும் பெரும்பகுதிச் செலவை அவர்களே கொடுப்பார்கள். ஆள் வந்து வீட்டைப் பார்ப்பார், தேவை இருக்கிறதா என்று மதிப்பெண் போடுவார், தேறினால் உதவித்தொகை.

டெலிபோனம்மா ஃபாரத்தை ஒற்றை விரலால் தள்ளினார். இந்த வீட்டில் முதியோர் யாரும் இல்லை என்றார். கரணம் அதை ஆமோதித்தார். மாடியிலிருந்து குதித்தவனுக்கு மாடிப்படிக்குக் கம்பியா என்று கேட்டார். மகள் ஃபாரத்தை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் ஃபாரத்தைக் காணவில்லை. கிழித்துப் போட்டிருப்பார்கள் என்று கரணம் நினைத்தார். அவருக்கு உள்ளுக்குள் துக்கம் பொங்கியது. ஏனென்றால் அன்று காலைதான் பன்னிரண்டாவது தடவையாக விழுந்திருந்தார். இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு நேரே நகராட்சி அலுவலகத்துக்குப் போய் வேறொரு ஃபாரம் வாங்கினார்.

தன் பெயரில் எழுத மனம் வரவில்லை. எத்தனை தடவை விழுந்தீர்கள் என்று மூன்றாம் பக்கத்தில் அச்சடித்தே கேட்டிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு வழி தென்பட்டது: குடும்பத்தில் ஒருவருக்காக இன்னொருவர் எழுதிக் கொடுக்கலாம். கரணம் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து டெலிபோனம்மாவின் பெயரில் மனு எழுதினார். என்ன கோளாறு என்று எழுதுவது? குத்துக்கல் மாதிரி இருக்கும் பெண்மணி. யோசித்து யோசித்து, 'அடிக்கடி தலை சுற்றுகிறது, கண்ணை மூடிக்கொண்டு அருகில் இருப்பதைப் பற்றிக்கொள்கிறார்' என்று ஒரு புளுகை அவிழ்த்துவிட்டார். எழுதி முடித்ததும் மனசு உறுத்தியது. நல்லாயிருக்கிறவளை நோயாளி ஆக்கிவிட்டோமே என்று வரும் வழியில் ஒரு நல்ல சீப்பு வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தார்.

பதில் தபாலில் வரும் என்று சொல்லியிருந்தார்கள். தபால் டெலிபோனம்மா கையில் கிடைத்தால் குட்டு உடைந்துவிடும். அதனால் தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்குக் கரணம் வாசலில் போய் நின்றார். ஆச்சரியம் என்னவென்றால் டெலிபோனம்மாவும் தினமும் அதே நேரத்துக்கு வாசலுக்கு வந்து பக்கத்தில் நின்றார். நம்மைப் பிரிந்து பத்து நிமிஷம்கூட இருக்க முடியவில்லையே என்று கரணம் பூரித்துப்போனார். தபால்காரர்தான் பாவம், இருவரும் ஒரே சமயத்தில் கை நீட்டுவதைப் பார்த்து, இந்த வீட்டுக்கு ஏதோ பெரிய சொத்து வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டார்.

தபால் வரவில்லை. ஒரு வியாழக்கிழமை ஆளே வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா, ரப்பர் செருப்பு, கழுத்தில் விசில் மாதிரி ஒரு டார்ச், இடுப்பில் அளவு நாடா, கையில் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில். கதவைத் திறந்ததும் வணக்கம் சொன்னார். இந்தக் கதவெண்ணிலிருந்து இரண்டு மனு வந்திருக்கிறது, ஒரு வீட்டுக்கு ஒரு மனுதான், எது செல்லும், எது பொய் என்று பார்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்றார்.

கரணம் டெலிபோனம்மாவைப் பார்த்தார். டெலிபோனம்மா கரணத்தைப் பார்த்தார். பிறகு இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

அளவுக்காரம்மா இரண்டையும் மேஜையில் விரித்து வாசித்தார். ஒன்று கரணம் எழுதியது. இன்னொன்று டெலிபோனம்மா எழுதியது. அழகான கையெழுத்து, கரணத்தின் பெயரில். 'என் கணவர் இந்த வீட்டில் பத்துத் தடவைக்கு மேல் விழுந்திருக்கிறார். வேடிக்கைக்கு விழுந்ததாகச் சொல்லிச் சமாளிக்கிறார்.'

கரணத்துக்குக் காது சுட்டது. கண்டுபிடித்துவிட்டாளா? ஆனால் டெலிபோனம்மாவின் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. முழுப் பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பிள்ளையின் முகம்தான் அது. அளவுக்காரம்மா நிதானமாகச் சொன்னார்: இரண்டில் ஒன்று பொய்யென்றாலும் இரண்டும் தள்ளுபடி. பொய் மனு கொடுத்த வீட்டுக்கு மூன்று வருஷம் உதவி கிடையாது.

சொல்லிவிட்டுத் தன் வேலையைத் தொடங்கினார். பாட்டிலைத் திறந்து டைல்ஸில் நாலு சொட்டு ஊற்றி, செருப்பால் தேய்த்து, இது தரை இல்லை, கண்ணாடி என்று எழுதிக்கொண்டார். வாசல்படியை அளந்தார், குளியலறைப் பள்ளத்தை அளந்தார். பிறகு ஒரு நாற்காலியைச் சுவரோரம் போட்டு, பத்தடி தள்ளிச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். எழுந்து, கோடுவரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். அவ்வளவுதான் சோதனை. முதலில் ஐயா.

கரணம் மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். கேமரா ஓடுவதாக நினைத்துக்கொண்டு எழுந்தார். சிங்கம் மாதிரி நடந்தார். கோட்டில் ஸ்டைலாகத் திரும்பினார். அங்கேதான் அளவுக்காரம்மா ஊற்றிய நாலு சொட்டுத் தண்ணீர் இருந்தது. கால் போனது. தோளில் உருண்டு, முதுகைச் சுருட்டி, ஒரு முழங்காலில் எழுந்து, பூ நீட்டினார்.

யாரும் கைதட்டவில்லை. அளவுக்காரம்மா ஃபாரத்தில் ஒரு குறி போட்டார். இந்த மாதிரி எத்தனை என்று கேட்டார். கரணம் அது ஒரு கலை என்று ஆரம்பித்தார்.

"ஐயா, எந்திரிச்சது கலை," என்றார் அளவுக்காரம்மா. "விழுந்தது விழுந்ததுதான். எத்தனை?"

பதிமூன்று என்றார் கரணம். நின்ற இடத்திலேயே டெலிபோனம்மா சிலையாகிவிட்டார். கரணத்தின் கணுக்கால் வீங்க ஆரம்பித்திருந்தது. அவரைச் சோபாவில் உட்காரவைத்துக் காலைத் தூக்கி வைத்தார்கள்.

அடுத்து டெலிபோனம்மா. நாற்காலியில் உட்கார்ந்தார், விசுக்கென்று எழுந்தார். எழுந்தவுடன் முகம் வெளுத்தது. கை பக்கவாட்டில் எதையோ தேடியது. கரணம் எட்டாத தூரத்தில், சோபாவில் இருந்தார். பக்கத்தில் நின்றது அளவுக்காரம்மா. டெலிபோனம்மா அவர் முழங்கையை இறுகப் பிடித்தார். கண்ணை மூடினார். தலையை மெல்ல அவர் தோளில் சாய்த்தார்.

கரணம் பார்த்துக்கொண்டே இருந்தார். அதே பிடி. அதே கண்மூடல். அதே தோள்சாய்ப்பு. முன்பின் தெரியாத நகராட்சி உத்தியோகஸ்தர்மேல். எட்டு மாதத்துச் சொர்க்கம் அவருக்கு முன்னால் சீட்டுக்கட்டு மாதிரி சரிந்தது.

தலை சுற்றல் அடங்க ஒரு நிமிஷம் ஆனது. எத்தனை நாளாக இப்படி என்று அளவுக்காரம்மா கேட்க, ஒரு வருஷமாக என்று டெலிபோனம்மா முணுமுணுத்தார். அளவுக்காரம்மா இரண்டு மனுக்களையும் அருகருகே வைத்து, மேலே கீழே படித்தார். அவருடைய உதடு துடித்தது. பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பத்தொன்பது வருஷமாக இந்த வேலையில் இருக்கிறாராம், உண்மையைப் பொய் என்று நினைத்துக்கொண்டு எழுதிக்கொடுத்த ஜோடியை இப்போதுதான் பார்க்கிறாராம். இரண்டு மனுவும் செல்லும், ஒன்றாகச் சேர்த்துவிடுகிறேன், மதிப்பெண் நிரம்பி வழிகிறது என்றார். டெலிபோனம்மாவைக் காது டாக்டரிடம் காட்டச் சொன்னார். போகும்போது அந்த நாலு சொட்டுத் தண்ணீரைத் தானே துணியால் துடைத்துவிட்டுப் போனார்.

கதவு மூடியதுதான் தாமதம், டெலிபோனம்மா திரும்பினார்.

"நீ விழுந்துக்கிட்டிருந்த. நான் கைதட்டிக்கிட்டிருந்தேன்."

அதுவரை இருவரும் ஒருவரையொருவர் நீங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த 'நீ' கரணத்தின் நெஞ்சில் எங்கேயோ போய் இதமாக உட்கார்ந்தது. ஆனால் அதை அனுபவிக்க நேரமில்லை. டெலிபோனம்மா அழ ஆரம்பித்திருந்தார். அடிபட்டுக் கிடந்த மனுஷனைப் பார்த்துச் சிரிக்கவைத்துவிட்டாயே, என்னைப் பாவியாக்கிவிட்டாயே என்று முந்தானையில் மூக்கைச் சிந்தினார். இரண்டாவதாக ஒரு புருஷனையும் பறிகொடுக்க என்னால் முடியாது, அதைவிடப் படியில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டே இறங்கத் தயார் என்றார்.

கரணம் காலைத் தூக்கி வைத்தபடியே தன் மனக்குறையைச் சொன்னார். அந்தக் கை, அந்தத் தோள்சாய்ப்பு எல்லாம் வெறும் தலைசுற்றல்தானா?

டெலிபோனம்மா அழுகையை நிறுத்தினார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். எக்ஸ்சேஞ்சில் தவறான எண் கேட்கிறவர்களிடம் பேசும் பொறுமையான குரலில் சொன்னார்:

"தலை சுத்தறது ஒரு நிமிஷம். நான் பிடிச்சிருக்கிறது அரைமணி நேரம். மிச்சம் இருபத்தொம்பது நிமிஷம் எதுக்குன்னு உனக்கே தெரியணும்."

கரணம் யோசித்துப் பார்த்தார். யோசிக்க யோசிக்க முகம் மலர்ந்தது. வீங்கிய காலோடு எழுந்திருக்கப் பார்த்தவரை டெலிபோனம்மா அதட்டி உட்காரவைத்தார்.

காது டாக்டர் டெலிபோனம்மாவைப் படுக்கவைத்துத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகத் திருப்பினார். காதுக்குள்ளே மணல் மாதிரி ஏதோ இடம் மாறிக் கிடக்கிறது, அதை அதன் இடத்துக்கு அனுப்புகிறேன் என்றார். மூன்று வாரம், மூன்று தடவை. ஒருவேளை முழுதும் போய்விடும், ஒருவேளை திரும்ப வரும், எதற்கும் கம்பி இருக்கட்டும் என்றார்.

பணம் வந்தது. கொத்தனார் வந்தார். அவருக்கு எந்த வீட்டிலும் ஒரே உயரத்தில் கம்பி மாட்டித்தான் பழக்கம். கரணம் குறுக்கே நின்றார். முப்பத்தைந்து வருஷம் விழுந்தவனுக்குத் தெரியாதா, விழும்போது கை எங்கே போகும் என்று? பழைய மெத்தையைக் கூடத்தில் விரிக்கச் சொன்னார். கையில் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு, குளியலறை வாசல் பக்கமாக மெல்லச் சாய்ந்து மெத்தைமேல் விழுந்தார். போகிற போக்கில் கை சுவரில் ஒரு வெள்ளைக் கோட்டை இழுத்துவிட்டுப் போனது. இங்கேதான் கம்பி என்றார். கொத்தனார் அளந்து பார்த்தார். வழக்கமான இடத்துக்கு ஒரு சாண் கீழே, ஒரு முழம் தள்ளி இருந்தது. சந்தேகத்தோடு தானும் ஒருதடவை விழுந்து பார்த்தார். அவர் கையும் அங்கேயே போனது. அப்புறம் கொத்தனாருக்கு வேலையில் ஒரு வேகம் பிறந்தது. இருவரும் மெத்தையைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க விழுந்தார்கள்.

டெலிபோனம்மாவும் விடவில்லை. அவருக்குத் தலைசுற்றல் இன்னும் மிச்சமிருந்த நாட்கள் அவை. விரலெல்லாம் சாக்பீஸ் மாவைப் பூசிக்கொண்டு நடமாடினார். எங்கே தலை சுற்றிச் சுவரைத் தொட்டாரோ அங்கே அஞ்சு விரலும் பதிந்தது. மூன்றாம் நாள் மகள் வந்தாள். சுவர் முழுக்க வெள்ளைக் கோடு, வெள்ளைக் கை. கூடத்து மெத்தையில் கொத்தனாரும் கரணமும் மல்லாந்து கிடந்தார்கள். அம்மா படியில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் இடது பக்கமா விழு," என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகள் கைப்பையை வைத்துவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். பதிவு அலுவலகத்தில் கேட்ட கேள்வியை அவள் மறுபடி கேட்கவேயில்லை. கரணம் சாரைக் கொஞ்சம் மெதுவாக விழச் சொல் என்று மட்டும் சொன்னாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, மாடிப்படி வரும்வரை. படிக்கு இரண்டு பக்கமும் கம்பி போட வேண்டும் என்பது விதி. கரணம் அளந்து பார்த்தார். இரண்டு பக்கமும் போட்டால் படியில் ஒரு ஆள்தான் போகலாம். எட்டு மாதமாகக் கைகோத்து இறங்கிய படி அது. நேரே நகராட்சிக்குப் போய் அளவுக்காரம்மாவிடம் ஒரு பக்கம் போதும் என்று வாதாடினார். என்ன காரணம் எழுதட்டும் என்று அளவுக்காரம்மா கேட்டார். கரணம் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், சட்டைப் பொத்தானைத் திருகினார். கடைசியில் தானே வாங்கி எழுதினார்: 'இருவர் சேர்ந்து இறங்க வேண்டியிருப்பதால்.'

அளவுக்காரம்மா அதை இரண்டுமுறை வாசித்தார். ஒரு பக்கம் கம்பி, மறுபக்கம் புருஷன் என்று எழுதத் தனக்கு ஆசைதான், ஆனால் புருஷன் எத்தனை கிலோ தாங்குவார் என்று மேலதிகாரி கேட்பார் என்றார். வேண்டுமானால் வீட்டில் கேட்டுவிட்டு வாருங்கள், அவர் சம்மதித்தால் பார்க்கலாம் என்று அனுப்பினார்.

வீட்டில் டெலிபோனம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இரண்டு பக்கமும் கம்பி. சேர்ந்து இறங்கினால் சேர்ந்து விழுவோம், அப்புறம் யாரைக் கூப்பிடுவது? தனித்தனியாக இறங்கு, உயிரோடு இறங்கு. இதைச் சொல்லும்போது அந்த அம்மாவுக்குத் தலைசுற்றல் நின்று ஐந்து நாள் ஆகியிருந்தது.

கம்பிகள் வந்தன. மரம் போட்டு, விரல் கோத்துப் பிடிக்க வாகாக, பார்க்கவும் லட்சணமாகத்தான் இருந்தன. கரணத்துக்கு அவற்றைப் பிடிக்கவில்லை. காலையில் டெலிபோனம்மா இரண்டு கம்பியையும் பிடித்துக்கொண்டு கல்யாணப் பெண் மாதிரி டக்டக்கென்று இறங்குவார். பின்னாலேயே கரணம் இறங்குவார், தன் முழங்கை சும்மா தொங்குவதைப் பார்த்துக்கொண்டே. குளியலறையில் ஒரு கம்பி, கட்டில் பக்கத்தில் ஒரு கம்பி, வாசலில் ஒரு கம்பி. அந்த அம்மா எல்லாவற்றையும் ஆசையாகப் பிடித்தார், தடவிக்கூடக் கொடுத்தார். ஒரு மரக்கட்டையைப் பார்த்து எழுபத்திரண்டு வயது மனிதர் பொறாமைப்படுவதா என்று கரணம் தன்னைத் தானே திட்டிக்கொண்டார். திட்டியும் பொறாமை போகவில்லை.

எட்டாம் நாள் அளவுக்காரம்மா கடைசிப் பார்வைக்கு வந்தார். ஒவ்வொரு கம்பியிலும் தன் முழு எடையோடு தொங்கிப் பார்த்தார். கரணம் இழுத்த கோட்டில் மாட்டிய குளியலறைக் கம்பியை மட்டும் ரொம்ப நேரம் பார்த்து, நாடாவை எடுத்து அளந்து, அந்த அளவைத் தன் சொந்த நோட்டில் குறித்துக்கொண்டார். இரண்டு கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

டெலிபோனம்மா வாசல்வரை போய் அவரை வழியனுப்பிவிட்டு வந்தார். கூடத்தின் நடுவில் கரணம் நின்றிருந்தார். புதுத்தரை, சொரசொரப்பாக, காய்ந்து, தட்டையாக. எந்தப் பக்கமும் படி கிடையாது, பள்ளம் கிடையாது. விழ வேண்டுமென்று நினைத்தாலும் விழ முடியாத இடம். டெலிபோனம்மா நடந்து வந்தார், அவருடைய முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடி, தோளில் தலையைச் சாய்த்தார்.

கரணத்துக்குத் திக்கென்றது. மறுபடி வந்துவிட்டதா என்று பதறி, தலை சுற்றுகிறதா என்று கேட்டார்.

"இல்ல," என்றார் டெலிபோனம்மா, கண்ணைத் திறக்காமல்.

கரணம் அசையாமல் நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று அவர் பார்க்கவில்லை. பிறகு இருவரும் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்கள், சும்மாதான், ஒரு வேலையும் இல்லை. வாசல்படியில் ஒருவர்பின் ஒருவராகக் கம்பியைப் பிடித்து இறங்கினார்கள். தெருவுக்கு வந்ததும் கை தானாகக் கோத்துக்கொண்டது. மூன்றாவது வீட்டுக்கு முன்னால் நடைபாதைக் கல் ஒன்று ஆடியது. டெலிபோனம்மா அதைக் காலால் மிதித்து மிதித்துப் பார்த்தார்.

"இதுக்கு ஏதாவது ஃபாரம் இருக்கான்னு நாளைக்குக் கேட்டுட்டு வா," என்றார். "இந்தத் தடவை சேர்ந்தே எழுதலாம்."